குழாய்க்குள் ஒரு பனி நிலா

மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம், இறந்தவர்களுக்கு மாலை போட்ட படம், இவைதான் தொழில். வானம் பார்ப்பது பொழுதுபோக்கு. இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்து, சண்டை நடக்கும் ஒரு நாட்டில், மணல் மூட்டைகளுக்கு முன்னால் என்னைக் கைதூக்கி நிற்க வைக்கும் என்று எந்த ஜோசியரும் எனக்குச் சொல்லவில்லை.

காரணம் தவமணி டீச்சர். திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிப்பவர். ஓர் அறிவியல் மாத இதழில் வியாழனைப் பற்றி நான் எழுதிய குறிப்பில் பிழை இருக்கிறது என்று கடிதம் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிழை இருந்தது. அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில் நீண்டது. போர் தொடங்கியபின் பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கியை ராணுவத்திடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் வானத்தைக் கணக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் யூரோப்பா என்ற அதன் பனி நிலாவை நெருங்கிப் படமெடுத்த சமயம் அது. பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி வைக்கப்போகிறோம், அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து தர முடியுமா என்று டீச்சர் எழுதியிருந்தார். வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா மகன் கணினியிலிருந்து எடுத்துப் பன்னிரண்டு துண்டுகளாக அனுப்பினான். இருட்டறையில் நான்கு நாள் கிடந்து அவற்றை ஒரே படமாக்கினேன். அகலத்தில் ஒரு கதவளவு இருந்தது. பனித் தகடுகள் உடைந்து, விலகி, திரும்பிக் கிடக்கும் காட்சி. இடையிடையே இரட்டைக் கோடுகள் நீள நீளமாக ஓடின. கோடையில் வெடித்த கண்மாய்ப் படுகையைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல பிரிண்ட் போட்டதில்லை.

கீழே ஒரு பட்டையில் ஏதோ பொடி எழுத்தில் விவரம் இருந்தது. அதை வெட்டி எறிந்தேன். மணப்பெண் படத்துக்குக் கீழே எழுத்தை விட்டுவைத்தால் எந்த மாமியாரும் வாங்க மாட்டார், அந்தப் பழக்கம். மூலையில் இருந்த அளவுகோலும் வடக்கைக் காட்டும் அம்பும் எடுப்பாக இருந்ததால் அவற்றை விட்டுவிட்டேன். படம் கசங்காமலிருக்க ஒரு மழைநீர்க் குழாயை நான்கடிக்கு அறுத்து, உள்ளே சுருட்டி வைத்து, இரண்டு முனைக்கும் மூடி போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடல் தாண்டி வந்திறங்கிய முதல் நாள், திருகோணமலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோப்பூர் அரிசி வியாபாரி. குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணி வேலைக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டார். இல்லை, உள்ளே நிலா இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்கு மாறியும் போய்விட்டார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ராணுவச் சோதனைச் சாவடி, எல்லோரையும் இறக்கினார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அங்கே இது பல் விளக்குவதுபோல் தினசரி வேலை, யாரும் முகம் சுளிக்கவில்லை. நான்கடிக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு மணல் மூட்டைகளை நோக்கி நடந்தால் எப்படித் தெரியும் என்பது நான் அதைச் செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று துப்பாக்கிகள் திரும்பின. குழாயைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

மூடியைத் திறந்து காகிதம்தான் என்று கண்டதும் அவர்கள் கொஞ்சம் இளகினார்கள். விரித்துப் பார்த்ததும் மறுபடி இறுகினார்கள். கறுப்பு வெள்ளையில், மேலிருந்து எடுத்த படம். வளைந்து ஓடும் கால்வாய்கள். அளவுகோல். வடக்கு அம்பு. துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்த் தொட்டிகளும் இருக்கும் ஊருக்குள், சண்டைக் காலத்தில், ஒரு வெளிநாட்டுக்காரன் இதைக் குழாயில் மறைத்துக் கொண்டுவருகிறான்.

ஓர் அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணியமான ஆள். ஆங்கிலத்தில் கேட்டார்: "இது எந்த இடம்?"

"வியாழனுடைய நிலா."

"நான் விளையாட்டாகக் கேட்கவில்லை."

"நானும்தான் சார்."

"இதை யார் கொண்டுவரச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். பெயர், பள்ளிக்கூடம், வீட்டு முகவரி எல்லாம். எங்கள் ஊரில் முகவரி கேட்டால் பிஞ்சுக் குழந்தைகூடச் சொல்லும். அதிகாரி அதை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். படத்தையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு, நாளைக் காலை அந்த டீச்சரோடு முகாமுக்கு வரும்படி சொல்லி என்னை அனுப்பினார்கள்.

நியாஸ் என்ற கிண்ணியாக்காரர் தன் ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"ரீச்சர்ட பேரைக் குடுத்திட்டீங்களோ?"

"ஏன், என்ன ஆகும்?"

"ஒண்டும் ஆகாமலும் போகும்," என்றார். வண்டியை மறுபடி கிளப்பினார். 

டீச்சரின் வீடு உவர்மலை ஏற்றத்தில். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, உரத்த குரல். நாற்காலியை இழுத்துப் போட்டு, பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீயும், இடியப்பமும், மஞ்சளாக ஒரு சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலில் மிளகாய் மிதக்கும் அந்தச் சொதிக்காக நம் சாம்பாரை ஒரு வாரம் ஒத்திவைக்கலாம். அதைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் உண்மையைக் கக்கினேன்.

டீச்சர் என் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினார். பிறகு கேட்டார்: "படத்துக்குக் கீழ விளக்கம் இருந்திருக்குமே?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"அழகா இருக்கட்டும்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. "காலமை எட்டு மணிக்கு வாங்கோ," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை சரியாக எட்டுக்குப் போய் நின்றேன். டீச்சர் வாசலில் காத்திருந்தார், முகம் சரியில்லை. எட்டரை ஆகிவிட்டதாம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. ஊரில் யாரிடம் மணி கேட்டாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். அலுவலகத்துக்கும் பஸ்ஸுக்கும் புது நேரம். அடுப்புக்கும் கோயிலுக்கும் பழைய நேரம். பழைய நேரம்தான் நம் இந்திய நேரம். நாலு நாளில் திரும்பப்போகிறவன் கடிகாரத்தைத் திருகுவானேன் என்று வீம்பாக அப்படியே விட்டிருந்தேன். அந்த வீம்புக்குத் தண்டனை, டீச்சர் வீட்டில் காலை அப்பம் தீர்ந்துபோயிருந்தது.

டீச்சர் கையில் ஒரு சின்னத் துணிப்பை. வழியில் அது என்ன என்று கேட்டேன்.

"மாத்துடுப்பும் துவாயும்," என்றார், பாடம் சொல்லும் அதே குரலில். "போனா எப்ப விடுவினமெண்டு தெரியாதுதானே."

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த நியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வீதியில் புள்ளிமான்கள் நம்மூர் ஆடுகளைப்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. மற்றொரு நாளாக இருந்தால் ஒரு சுருள் பிலிமை அங்கேயே தீர்த்திருப்பேன். அந்தப் பையைத் தவிர வேறெதையும் அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

முகாமில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் என் படம் விரித்துக் கிடந்தது, நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பை. பக்கத்தில் ஒரு கடல் வரைபடம். இரவெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

"இந்த வளைவு இங்கே பொருந்துகிறது," என்று ஓரிடத்தைக் காட்டினார். "மற்றவை பொருந்தவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை."

டீச்சர் மேசையருகே போய்க் குனிந்தார். அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ சேர். இந்தத் தகடும் அந்தத் தகடும் முந்தி ஒண்டாய் இருந்தது. உடைஞ்ச கோப்பையைப் பொருத்துற மாதிரி இதைத் திரும்ப அங்க பொருத்தலாம். கோடு நேராய்ச் சேரும். அப்பிடி மிதந்து விலகியிருக்கெண்டா கீழ தண்ணி இருந்திருக்கோணும். பனிக்குக் கீழ ஒரு கடல்."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரிக்கும் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "கதை நன்றாக இருக்கிறது. இதை நான் எப்படி நம்புவது?" என்றார். "நிரூபிக்க முடியாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். படத்தோடு நீங்களும் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்."

துணிப்பை டீச்சரின் மடியில் இருந்தது. அதன் காதை விரலில் சுற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "உங்கட மொட்டைமாடியில பெரிய தூரக்கண்ணாடி ஒண்டு கால் பூட்டி நிக்குதே. அதால வியாழனைப் பாத்திருக்கிறியளோ?"

"அது கடலைப் பார்க்க. பொதுமக்கள் தொடக் கூடாது."

"நான் தொடமாட்டன். நீங்களே பாருங்கோ. என்ன தெரியுமெண்டு நான் இப்பவே எழுதித் தாறன்."

என் பையில் வானியல் அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது, இந்தியாவில் அச்சிட்டது. வாங்கிப் புரட்டினார். ஒரு தாளில் நடுவே வட்டம் போட்டு, ஒரு பக்கம் இரண்டு புள்ளியும் மறுபக்கம் ஒன்றும் வைத்தார்.

"பெரிய நிலா நாலு. இண்டைக்குப் பின்னேரம் மூண்டுதான் தெரியும். நாலாவது வியாழன்ர நிழலுக்குள்ள நிக்குது. ஏழேகாலுக்கு நிழலை விட்டு வரும், இந்த இடத்தில." வட்டத்துக்குச் சற்று விலகி ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். "அந்த நாலாவதுதான் உங்கட மேசையில கிடக்கிறது."

அதிகாரி தாளை வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். டீச்சர் போட்டார். மாலையில் வரும்படி சொல்லி ஓர் அனுமதித் துண்டும் தந்தார்.

பகலை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், சாப்பிட்டுத்தான். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். நியாஸ் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கணவாய்க் கறி, பிட்டு, கடைசியில் சட்டியோடு கிண்ணியா எருமைத் தயிர். கரண்டியைக் குத்தினால் நிற்கிறது. நம்மூரில் தயிர் என்று ஊற்றுவதைக் காட்டினால் கிண்ணியா மாடுகள் சிரிக்கும்.

"ரீச்சர்ட கணக்கில பிழை வராது," என்று நியாஸ் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

மாலை மொட்டைமாடியில் நாங்கள் நான்கு பேர். அதிகாரி, டீச்சர், நான், கண்ணாடியைக் காவல் காக்கும் சிப்பாய் ஒருவர். கீழே வாசலில் நியாஸ். கச்சான் என்று அங்கே சொல்லும் மேற்குக் காற்று சூடாக அடித்தது. விரிகுடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, அதற்கு நேர் மேலே வியாழன் பளிச்சென்று நின்றது. அதிகாரி கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் பார்த்தார்.

"மூன்று," என்றார். "நீங்கள் வரைந்தபடியே."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. டீச்சர் அசையவில்லை.

ஏழேகால் ஆயிற்று. அதிகாரி பார்த்தார், ஒன்றுமில்லை. ஏழு இருபது. ஒன்றுமில்லை. ஏழு இருபத்தைந்துக்குச் சிப்பாயும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மூன்று புள்ளியை யாரும் சொல்லிவிடலாம்," என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அது இன்னும் மோசம்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "பிழை வர ஏலாது," என்று தனக்குள் சொன்னார். "நிழலின்ர கோணம் சரி, இடம் சரி." துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் குனிந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் ஏழு மணியாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"டீச்சர், அந்தப் புத்தகத்துல எந்த நேரம்?"

"உங்கட நேரம்." சொன்னவர் அப்படியே நின்றார். "ஐயோ, பழைய நேரம். எங்கட வீட்டு மணிக்கூட்டு நேரம். பாத்த உடனை அப்பிடியே எழுதிப்போட்டன். அரை மணித்தியாலம் கூட்டேல்லை."

நான் கையை நீட்டி அதிகாரியிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் தன்னுடையதைப் பார்த்தார். சிப்பாய் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் அம்மாவும் ஊரில் பழைய நேரப்படிதான் சோறு போடுகிறாள் என்று சிப்பாய் சொன்னாராம்.

"ஏழே முக்கால்வரை," என்றார் அதிகாரி.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. துறைமுகத்தில் ஒரு படகின் இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது. ஏழு நாற்பத்து நாலுக்கு அதிகாரி கண்ணாடிமேல் குனிந்தார், பிறகு நிமிரவேயில்லை. நான் மணியைப் பார்த்தேன், டீச்சரைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன்.

"வருகிறது," என்றார் அதிகாரி மெல்ல. "ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வருகிறது. மங்கலாக இருந்தது. இப்போது பிரகாசமாகிறது." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் குறி போட்ட அதே இடம்."

அவர் நிமிர்ந்தார். படத்தைத் தருவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, கையைக் காட்டி, தமிழில் சொன்னார்: "டீச்சர், பாருங்க."

பொதுமக்கள் தொடக் கூடாத கண்ணாடி. டீச்சர் பையைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்போது யாரும் மணி பார்க்கவில்லை. எத்தனையோ வருடம் தாளில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த நிலா அங்கே நின்றது. நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. 

கீழே வந்து குழாயையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு வெளியேறினோம். நியாஸ் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஹாரனை அடித்தார். முகாம் வாசலில் அப்படி அடிக்கலாமா என்று நான் பயந்தேன். காவலுக்கு நின்றவர் சிரித்தார்.

மூன்றாம் நாள் கண்காட்சி. பள்ளி மண்டபத்தில் படத்தை விரித்தபோதுதான் கவனித்தோம். நான் விவரத்தை வெட்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஓரம் மிச்சமிருந்தது. அதில் நீல மையில் அதிகாரியின் கையெழுத்து, மேலே வட்ட முத்திரை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி, அடியில் கோணல்மாணலான தமிழில்: 'இது வியாழனின் நிலா. திருகோணமலை அல்ல. நேரில் சரிபார்க்கப்பட்டது.'

தலைமையாசிரியர் பதறிப்போனார். முத்திரையை மறைத்துவிடலாமே என்றார். நான் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்கள் வெட்டினதே போதும்," என்றார்.

எழுத்தும் முத்திரையுமாகப் படம் சுவரில் ஏறியது. மாணவிகள் அட்டையில் பனித் தகடுகளை வெட்டி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அவற்றைப் பொருத்திப் பார்த்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக ஆள் இறக்கிய நியாஸ், படத்துக்குப் பக்கத்தில் நின்று, மொட்டைமாடியில் தானும் இருந்ததுபோல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

மத்தியானம் நிலாவெளியிலிருந்து மீன் விற்கும் பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கடலில் இறங்க ராணுவத்திடம் பாஸ் வாங்க வேண்டும், அதுவும் குறித்த நேரத்துக்கு மட்டும். அவர்களில் மூத்தவர் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பனிக்குக் கீழே கடல் இருக்கலாம் என்று டீச்சர் சொன்னதும் திரும்பினார்.

"அந்தக் கடலுக்குப் போக பாஸ் எடுக்கோணுமோ பிள்ளை?"

"இல்லையம்மா. அங்க பாஸ் இல்லை."

"எந்த நேரமும் போகலாமோ?"

"பழைய நேரமும் போகலாம், புது நேரமும் போகலாம்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்மணியும் சிரித்தார். பிறகு நீல மையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசி வரியில் விரலை வைத்து நின்றார்.

"நேரில் சரிபாத்ததெண்டு கிடக்குது. ஆர் பாத்தது?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நான்தான் பாத்தனான்," என்றார்.